மோட்டார் வண்டிகளின் தர மதிப்பு: எத்துணை நம்பலாம்?

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்வோன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழி பார்க்கின்றான், நடக்க விட்டும் பார்க்கின்றான். மாட்டின் வயதும் வலிவும் ஒருவாறு அவன் கண்ணுக்குப் புலனாகிவிடுகின்றன. மோட்டார் வண்டி வாங்குவோனுக்கோ இவ்வாய்ப்பு இல்லை. வண்ணப் பூச்சும் மெத்தையும் கண்ணைக் கவரும். ஐந்தாண்டு கழித்துப் பற்சக்கரப் பெட்டி என்னாகும் என்பதை அப்பூச்சுச் சொல்லாது. விற்போன் தன் சரக்கைப் பழித்துரைப்பானென்று எதிர்பார்த்தலும் பேதைமை. ஆதலின், அவ்வகை வண்டியை முன்னரே வாங்கி ஓட்டினோர் கண்ட நலந்தீங்குகளைக் கேட்டறிதலே வாங்குவோனுக்கு உற்ற துணையாகின்றது. ஒருவரிருவரை அன்றி ஆயிரக்கணக்கானோரைக் கேட்டு, அவர் விடைகளைத் தொகுத்து, இன்ன வண்டி இத்துணைப் பழுதுடையது என எண்ணால் வெளியிடும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆழ வேரூன்றியுள்ளது.

இஃது அந்நாட்டில் வெறும் பொழுதுபோக்கன்று. அங்குப் பல ஊர்களில் பேருந்தும் இரயிலும் அரியன. வண்டி நின்றால் வேலைக்குச் செல்லுதலும் நிற்கும். செல்வன் மற்றொரு வண்டியில் ஏறிச் செல்வான்; கடன் வாங்கிப் பழைய வண்டியொன்றைப் பெற்ற தொழிலாளிக்கோ, ஒரு பெரும்பழுது பல மாதச் சேமிப்பை ஒரு நாளில் விழுங்கிவிடும். அவன் நம்பும் எண் நம்பத் தகுந்ததுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் இரண்டு நிறுவனங்கள் பெரும்பெயர் பெற்றவை. ஒன்று 1936 ஆம் ஆண்டிலே தோன்றிய நுகர்வோர் சங்கம். அது வெளியிடும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் இதழின் பெயராலேயே இன்று அது வழங்கப்படுகின்றது. அவ்விதழ் விளம்பரம் ஏற்பதில்லை. தான் சோதிக்கும் வண்டிகளை உற்பத்தியாளரிடமிருந்து இரவலாகப் பெறாது, பிறரைப் போலவே கடையில் விலை கொடுத்து வாங்குகின்றது. ஆண்டுதோறும் தன் உறுப்பினரை வினவி, கடந்த 12 மாதங்களில் அவர்தம் வண்டிகளுக்கு நேர்ந்த கடும்பழுதுகளைக் கேட்டறிகின்றது. அண்மை ஆண்டுகளில் இக்கணக்கில் அடங்கும் வண்டிகள் ஏறத்தாழ 3 இலட்சம்.

மற்றொன்று 1968 இல் தொடங்கப்பெற்ற ஜே. டி. பவர் நிறுவனம். இது புதுவண்டி வாங்கினோரை முதல் 90 நாள்களில் ஒரு முறையும், மூன்றாண்டு பழகிய வண்டியின் உடைமையாளரை வேறொரு முறையும் வினவி, 100 வண்டிகளுக்கு இத்துணைக் குறைகள் என்று கணக்கிட்டுரைக்கின்றது.

இவ்விரண்டும் பொய்யுரைப்பன அல்ல. எனினும், ஒரு சான்று மெய்யாயிருத்தல் வேறு. அச்சான்றினின்று நாம் கொள்ளும் முடிவு மெய்யாயிருத்தல் வேறு. வழக்கு மன்றத்திலே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல, இவ்வெண்களையும் ஐந்து வினாக்களால் விசாரித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

முதலாவது, எவரைக் கேட்டனர் என்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம்மவர். சோறு முழுவதும் ஒருசீராக வெந்திருப்பின் அஃது உண்மையே. அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் நிற்கும் பானையில், மேலே எடுத்த ஒரு கரண்டிச் சோறும் பொய்ச் சாட்சியே கூறும். இதற்குப் பெயர்போன சான்று, மேற்கூறிய சங்கம் தோன்றிய 1936 ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் அமெரிக்க இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை முன்னறிவிக்கக் கருதி, ஏறத்தாழ 1 கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிற்று. 20 இலட்சத்திற்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் என்பார் எளிதில் வெல்வார் என அவ்விதழ் அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46 அவர் பக்கம் நின்றன. அவ்விதழ் பெயர்களைத் திரட்டிய இடங்களுள் முதன்மையானவை தொலைபேசிப் பட்டியலும் மோட்டார் வண்டிப் பதிவேடுமாகும். பஞ்ச காலத்திலே தொலைபேசியும் மோட்டாரும் உடையோர் செல்வர். ஏழைகளின் கருத்து அவ்வேட்டில் போதிய இடம் பெறவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பினோரும் ஆர்வம் மிக்க ஒரு பகுதியினரே. ஆதலின் எண்ணிக்கையின் பெருமை உண்மைக்குப் பிணையாகாது.

வண்டிக் கணக்கிலும் இக்கருத்தை மறத்தலாகாது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் வினவுவது தன் உறுப்பினரை; பணம் செலுத்தி உறுப்பினராகி, வாங்குமுன் ஆராயும் இயல்புடையோர் அவர். வண்டியையும் அவர் ஒழுங்காகப் பேணுதல் கூடும். ஆயினும் எல்லா வகை வண்டிகளையும் இத்தகையோரே ஓட்டுவராயின், ஒன்றோடொன்றை ஒப்பிடுவதற்கு அக்கணக்குப் பயன்படும். பேணாது ஓட்டுவோனிடத்தில் அவ்வண்டி எவ்வாறு உழைக்கும் என்பதை மட்டும் அது திட்டமாகச் சொல்ல இயலாது.

இரண்டாவது, எதனைக் குறையென்று எண்ணினர் என்பது. ஜே. டி. பவர் நிறுவனத்தின் 2003 ஆம் ஆண்டு முதல் 90 நாள் கணக்கில், ஹம்மர் என்னும் பெருவண்டி கடைசி இடம் பெற்றது. அதனை வாங்கினோர் கூறிய பெருங்குறை, அது எரிபொருளை மிகுதியாகக் குடிக்கின்றது என்பதே! யானையை வாங்கிய பின்னர் அது கவளம் மிகுதியாக உண்கின்றதென்று குறை கூறுதல் போன்றது இது. வண்டி எங்கும் நின்றுவிடவில்லை. எனினும் அதுவும் குறைக் கணக்கில் ஏறிற்று.

2011 ஆம் ஆண்டின் கணக்கு இதனினும் நுட்பமான பாடத்தைப் புகட்டுகின்றது. முந்திய ஆண்டு 5 ஆம் இடத்தில் நின்ற ஃபோர்டு, அவ்வாண்டு 23 ஆம் இடத்திற்கு இறங்கிற்று. காரணங்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று, விரலால் தொட்டு இயக்கும் புதிய திரை. அது பலரைக் குழப்பிற்று. மற்றொன்று, சிறு வண்டிகளில் அமைத்த இரட்டைக் கிளட்சுப் பற்சக்கரப் பெட்டி; அது புறப்படும்போது வண்டியைக் குலுக்கிற்று. முன்னது பெரும்பாலும் எரிச்சல். பின்னதோ நாளடைவில் வழக்கு மன்றம் வரை சென்ற மெய்யான பழுது. 23 என்னும் அவ்வோர் எண் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் கையில் தருகின்றது. மூட்டையை அவிழ்த்துப் பாராதவன், திரைக்கு அஞ்சி நல்ல வண்டியை விலக்கவும் கூடும். திரைதானே என்றெண்ணிப் பழுதான பெட்டியை வாங்கவும் கூடும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எந்திரம், பற்சக்கரப் பெட்டி, தடை, மின்கருவி எனப் பகுத்துக் காட்டுவதும், எந்திரம் போன்றவற்றின் பழுதுக்கு மிகுதியான எடை கொடுப்பதும் இக்கேட்டிற்கு ஓரளவு மருந்தாகும்.

மூன்றாவது, எக்காலத்து வண்டியைப் பற்றிய சொல் இது என்பது. முதல் 90 நாளில் வெளிப்படுவது பெரும்பாலும் பொருத்துதலிலும் அமைப்பிலும் உள்ள குறை. நீண்ட நாள் உழைப்பு அன்று. மூன்றாண்டுக் கணக்கு அதனினும் சிறந்தது. ஆனால் அது வெளிவரும்போது, அவ்வுருவத்து வண்டி கடையில் இல்லாமலே போயிருத்தல் கூடும். முற்றிலும் புதிதாக வார்க்கப்பட்ட வண்டிக்கோ வரலாறே இல்லை. அதற்குத் தரப்படும் மதிப்பு, தமையனைக் கண்டு தம்பியின் குணத்தை ஊகிப்பது போன்றதே.

இவ்வூகம் தவறக் கூடும் என்பதை அந்நிறுவனமே 2007 ஆம் ஆண்டில் கண்டுகொண்டது. அதுகாறும் டொயோட்டா என்னும் பெயருடைய புதுவண்டிகளை, முன்னைப் புகழைக் கொண்டே பரிந்துரைத்து வந்தது. அவ்வாண்டில் ஆறு உருளை எந்திரம் கொண்ட கேம்ரி முதலிய சில வகைகள் சராசரிக்குக் கீழே இறங்கவே, இனி டொயோட்டாவின் புதுவண்டியையும் போதிய கணக்கு இல்லாமல் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது.

நற்பெயருக்குள்ளே குறையிருந்தது போலவே, சிறு பெயருக்குள்ளே நிறையிருந்ததும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஃப்ரிமான்ட் என்னும் ஊரில், டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக 1984 முதல் ஒரு தொழிற்சாலை நடத்தின. அங்கே டொயோட்டா கொரோலாவும், ஜியோ என்றும் பின்னர் ஷெவ்ரலே என்றும் பெயர் தாங்கிய பிரிஸம் வண்டியும் ஒரே தொழிலாளர் கையால் உருவாயின. உள்ளுறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே. எனினும் பழைய வண்டிச் சந்தையில் பிரிஸம் குறைந்த விலைக்கே போயிற்று. பெயர்ப் பலகையை நம்பினோர் மிகுதியாகக் கொடுத்தனர். உள்ளிருப்பதை அறிந்தோர் குறைவாகக் கொடுத்து அதே உழைப்பைப் பெற்றனர். ஆகவே, உற்பத்தியாளரை வரிசைப்படுத்தும் பட்டியலைக் காட்டிலும், இன்ன ஆண்டின் இன்ன வகை வண்டி என்று தனித்தனியே கூறும் கணக்கே வாங்குவோனுக்கு உதவுவதாகும்.

நான்காவது, எண்களின் இடைவெளி எத்துணை என்பது. ஜே. டி. பவரின் 2024 ஆம் ஆண்டு மூன்றாண்டுக் கணக்கில், 100 வண்டிகளுக்குச் சராசரிக் குறைகள் 190; முதலிடம் பெற்ற லெக்ஸஸுக்கு 135. வெறும் எண்ணாகப் பார்க்குங்கால் இடைவெளி பெரிது. ஒரு வண்டிக்கென வகுத்துப் பார்ப்பின், சராசரி வண்டிக்கு 1.9 குறை, முதல் வண்டிக்கு 1.35. வேறுபாடு அரைக் குறையினும் சிறிதே மிகுதி. அதுவும் திரையில் தோன்றும் சிறு கோளாறாக இருத்தல் கூடும். இனி, இடைநிலையில் நிற்கும் இரு பெயர்களுக்கிடையே இரண்டு மூன்று எண் வேறுபாடு காண்பின், அதனைப் பொருட்படுத்துதல் வீண். வகுப்பில் எல்லா மாணவரும் 90 க்கு மேல் பெற்றவிடத்துக் கடைசி மாணவனும் அறிவிலியாகான் என்பதை நம் கல்லூரித் தோழர் நன்கறிவர். ‘சராசரிக்குக் கீழ்’ என்னும் சொல்லையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

மேலும், இவ்வெண் கூட்டத்தைப் பற்றியது. தனி வண்டியைப் பற்றியதன்று. ஒருவகை வண்டியில் நூற்றுக்கு 3, மற்றொரு வகையில் நூற்றுக்கு 6 எனப் பெரும்பழுது நேர்வதாக வைத்துக்கொள்வோம். பின்னது இருமடங்கு கேடுடையது என்பது மெய். அதனை வாங்கிய நூற்றுவருள் 94 பேர் அப்பெரும்பழுதைக் காணார் என்பதும் மெய். முன்னதை வாங்கி அம்மூவருள் ஒருவனாக அகப்பட்டவன், கணக்குப் பொய்த்ததென்று கூறுதல் பொருந்தாது.

ஐந்தாவது, கணக்கெடுப்போனுக்குப் பொருள் தருவோர் யாவர், அவனைத் தணிக்கை செய்வோர் யாவர் என்பது. ஜே. டி. பவர் தன் ஆராய்ச்சி விவரங்களை வண்டி உற்பத்தியாளருக்கும் விற்கின்றது. பரிசு பெற்றோர் அப்பரிசை விளம்பரத்தில் காட்ட விரும்பின், உரிமைக் கட்டணம் பெறுகின்றது. இதனால் கணக்குத் திரிக்கப்படுகின்றது என்று யாம் கூறவில்லை. ஆயினும் விளம்பரத்தில் நம் கண்முன் வருவது வென்றோன் காட்டும் ஒரு பகுதியே. தோற்ற பகுதியை எவனும் பணங்கொடுத்துக் காட்டான்.

கட்டணம் வாங்காத இடத்திலும் கேடு புகுதல் உண்டு. ஜெர்மனியின் ஏடிஏசி என்னும் மாபெரும் மோட்டார்க் கழகம் 1903 இல் தோன்றியது. நாட்டின் நம்பிக்கைக்கு உறைவிடமாயிருந்தது. 2014 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ‘ஜெர்மானியர் விரும்பும் வண்டி’ என்னும் அதன் பரிசுத் தேர்தலில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பெற்ற வாக்குகள் 3,409 ஆக இருக்க, 34,299 என்று கூட்டிக் காட்டியமை வெளியாயிற்று. பொறுப்பாளர் பதவி துறந்தார். சின்னாளில் கழகத் தலைவரும் விலகினார். அஃது உழைப்பைப் பற்றிய கணக்கன்று. விருப்பத்தைப் பற்றிய வாக்கெடுப்பே. எனினும் அதன் நிழல் கழகத்தின் பிற கணக்குகள்மேலும் படிந்தது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். அக்கழகமே, வழியில் நின்ற வண்டிகளுக்கு உதவச் செல்லும் தன் பணியாளரின் குறிப்புகளைக் கொண்டு, பழுதுக் கணக்கு ஒன்றும் வெளியிட்டு வருகின்றது. அந்நாட்டுச் சட்டப்படி வண்டிகளை மூன்றாம் ஆண்டிலும் பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கும் நிலையங்களின் முடிவுகளைக் கொண்டு, டியூவ் என்னும் அமைப்பும் ஓர் அறிக்கை தருகின்றது. இவை உடைமையாளரின் நினைவையும் மனநிலையையும் சாராது, நிகழ்ந்ததைப் பதிவு செய்வன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மிகுந்த விலை கொடுத்தோன் தன் வண்டியின் குறையை மறைத்தலும் உண்டு, சினத்தால் மிகைத்தலும் உண்டு. பதிவேட்டுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. வழியில் நிற்பதற்கு முதற்காரணமாக நெடுங்காலம் விளங்குவது மின்கலச் சோர்வே. அது வண்டியின் அமைப்பைவிட ஓட்டுவோன் பழக்கத்தைப் பொறுத்ததாகவும் இருக்கலாம். சோதனை நிலையமோ விளக்கு, தடை, சக்கரம் முதலிய பாதுகாப்புறுப்புகளையே சிறப்பாக நோக்குகின்றது.

ஆகவே எம் முடிபு இது. தர மதிப்புகள் தள்ளத்தக்கன அல்ல, தொழத்தக்கனவும் அல்ல. வெவ்வேறு வழியால் எடுத்த இரண்டு மூன்று கணக்குகள், பல ஆண்டாக ஒரு வகை வண்டியைப் பற்றி ஒன்றே கூறுமாயின், அதனை உறுதியாக நம்பலாம். கொடிய பழுது என்று அவை ஒருமுகமாகச் சுட்டுவதை விலக்கலாம். ஓராண்டு எழுச்சியையும் வீழ்ச்சியையும், விளம்பரத்தில் மின்னும் பரிசையும், பெயரளவில் நிற்கும் வரிசையையும் கொண்டு பணத்தை நீட்டுதல் தகாது. புதிதாக வார்க்கப்பட்ட வண்டியை ஓரிரண்டு ஆண்டு பொறுத்து வாங்குதல் நலம். பழைய வண்டி வாங்குவோன், கணக்கைப் பார்த்தபின்னும் அத்தனி வண்டியைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. ஏனெனில் ஏட்டிலுள்ள எண் அவ்வண்டியை முன்னர் ஓட்டியவன் கையை அறியாது.

எண்ணைக் கண்டவுடன் ஐயம் நீங்கிற்று என்றெண்ணுதல் நம் காலத்து இயல்பாகிவிட்டது. வண்டிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் மருந்திற்கும் மனிதனுக்குங்கூட இன்று மதிப்பெண் வழங்கப்படுகின்றது. எவரைக் கேட்டனர், எதை எண்ணினர், எக்காலத்தது, எத்துணை வேறுபாடு, எவர் பொருள் என்னும் இவ்வைந்து வினாக்களும் அங்கெல்லாம் பயன்படும். வினவிக் கொள்வோன் கையில் எண் நல்ல கருவி. வினவாது கொள்வோனுக்கு அது மற்றொரு வண்ணப் பூச்சே.