தோளுக்கு ஓய்வு தருக

தில்லியில் கோடை முற்றியதும், நம்மவருள் சிலர் வீட்டுக் குளிரூட்டியைத் தம் கையாலேயே பொருத்த முனைகின்றனர். சிக்கனம் போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்றரை டன் கருவியின் வெளிப்பெட்டி ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ளது. அதனை ஒருவரே தலைக்கு மேல் தூக்குங்கால் தோள்மூட்டின் தசைநார் கிழியவும் கூடும். கை உயராவிடில் வீட்டின் வருவாயே தடைப்படும்.

அவ்வாறு தோள் நொந்தவர், பணி தள்ளிப்போவது கண்டு வருந்த வேண்டா என்பதே நாம் கூற விழைவது. மே, ஜூன் மாதங்களில் இவ்வூர் வெப்பம் வறண்டது. ஆதலின் கூலரும் வெட்டிவேர்த் தட்டியும் அறையை நன்கு குளிர்விக்கும். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் மிகுந்த பின்னரே அவற்றின் பயன் குன்றும்.

அதற்குள் பொருத்துவதாயின், பெட்டியை அண்டை வீட்டு அன்பர் இருவர் தூக்கட்டும். செப்புக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் அகற்றி வாயுவைத் திறக்கும் வேலையைத் தொழில் கற்றவரிடமே விடுக. இன்றைய கருவிகள் பலவற்றிலுள்ள ஆர்-32 வாயு தீப்பற்றும் இயல்புடையது.