இரத்தக் காட்டேரியும் ஒப்பந்தப் பத்திரமும்: ‘ஏஞ்சல்’ தொலைக்காட்சித் தொடர் பற்றிய ஒரு நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் வழியே பரவும் படைப்புகளை ஆராய்ச்சிக்கு ஏலாதன என ஒதுக்கும் போக்கு நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. பேயும் பிசாசும் இரத்தக் காட்டேரியும் இடம்பெறும் தொலைக்காட்சித் தொடர்கள் குறித்து இவ்வலட்சியம் மேலும் வன்மை பெறுகின்றது. அவை மக்களின் கவனத்தைத் திசைதிருப்புவன என்று கூறி முற்போக்கு விமர்சகர் பலர் அமைதியடைந்துவிடுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், அவை எதிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன, திருப்பும்போது தம்மையறியாமலே எவற்றைப் புலப்படுத்திவிடுகின்றன என்னும் வினாக்கள் எஞ்சியே நிற்கின்றன. 1999 முதல் 2004 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய ‘ஏஞ்சல்’ என்னும் தொடரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இத்தொடர் தோன்றிய சூழலை நோக்குவோம். ஜொஸ் வீடன் உருவாக்கிய ‘பஃபி’ என்னும் தொடர் 1997 இல் டபிள்யூ. பி. அலைவரிசையில் ஆரம்பமாயிற்று. இரத்தக் காட்டேரிகளைக் கொல்லும் இளம்பெண்ணொருத்தியின் கதை அது. அதில் அவளது காதலனாக இடம்பெற்ற ஏஞ்சல் என்னும் காட்டேரியைக் கதைத் தலைவனாக்கி, வீடனும் டேவிட் கிறீன்வோல்ட்டும் உருவாக்கிய கிளைத்தொடரே இது. வெற்றி பெற்ற பண்டமொன்றிலிருந்து இன்னொரு பண்டத்தைப் பெறுவது வணிகத் தொலைக்காட்சியின் வழமையாகும். ஐந்து பருவங்களில் 110 அங்கங்கள் ஒளிபரப்பாகின. நூறாவது அங்கம் வெளியான அதே மாதத்தில், அதாவது 2004 பெப்ரவரியில், தொடரை நிறுத்தும் முடிவை அலைவரிசை அறிவித்தது. முதலாளித்துவ நிறுவனமொன்றின் கொடுமையைச் சித்திரித்த இத்தொடர் அத்தகைய நிறுவனமொன்றின் தீர்மானத்தாலேயே பிறந்து, அதன் தீர்மானத்தாலேயே முடிவுற்றது என்பது மனங்கொளத்தக்கது.

இலக்கியத்திலே இரத்தக் காட்டேரி நீண்டகாலம் பிரபுவாகவே வாழ்ந்து வந்தது. 1819 இல் வெளியான பொலிடோரியின் கதையிலும், 1897 இல் வெளியான பிறாம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’விலும் அது நிலமானிய உயர்குடியைச் சேர்ந்தது. எனினும், 1867 இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதற்பாகத்திலே, வேலைநாள் பற்றி ஆராயுமிடத்து, உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே உயிர்வாழும் மூலதனத்தை இரத்தக் காட்டேரிக்கு ஒப்பிட்டார் மார்க்ஸ். பிற்காலத்தில் இத்தாலிய விமர்சகர் பிராங்கோ மொறெற்றி டிராகுலாவை ஏகபோக மூலதனத்தின் உருவகமாக விளக்கியமை இவ்வடிப்படையிலேயே ஆகும். பிரபுவின் உடைக்குள் முதலாளி மறைந்திருந்தான் என்பதே இதன் சாரம்.

ஏஞ்சல் பிரபுவுமல்லன், முதலாளியுமல்லன். அயர்லாந்தின் கோல்வே நகரத்து வணிகர் ஒருவரின் ஊதாரி மகனான அவன், 1753 இல் காட்டேரியாக்கப்பட்டான். கொடுமைகள் பல இழைத்துவந்த அவனுக்கு, 1898 இல், தம் குலப்பெண்ணைக் கொன்றதற்குத் தண்டனையாக ரோமானிய நாடோடி மக்கள் ஆன்மாவைத் திருப்பியளித்துச் சபித்தனர். அன்றுதொட்டுக் குற்றவுணர்வே அவனது வாழ்வாகின்றது. பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் துப்பறியும் நிலையமொன்றை அமைத்து, ஆதரவற்றோருக்கு உதவுகின்றான். இந்நகரத்துத் தனிமைத் துப்பறிவாளன் என்னும் பாத்திரவார்ப்பு றேமண்ட் சான்ட்லரின் நாவல்களால் நிலைபெற்ற மரபாகும். அம்மரபிலே நகரம் முழுவதும் சீரழிந்திருப்பினும் துப்பறிவாளனின் தனிமனித நேர்மை மாசுபடுவதில்லை. இந்த நம்பிக்கையைப் படிப்படியாகத் தகர்த்தமையே ‘ஏஞ்சல்’ தொடரின் சிறப்பு எனலாம்.

முதலாவது அங்கத்திலேயே இதற்கான வித்து உள்ளது. நடிகையாகும் கனவோடு நகருக்கு வந்து உணவகத்தில் பரிமாறும் பெண்ணொருத்தியைச் செல்வந்தனான காட்டேரியொருவன் கொல்கின்றான். ஏஞ்சல் அவனை உயர்மாடி யன்னலூடாக வெயிலில் தள்ளிச் சாம்பலாக்குகின்றான். ஆயினும், கொல்லப்பட்டவனின் சட்டத்தரணிகள் அமைதியாகத் தம் அலுவலைத் தொடர்கின்றனர். அவர்கள் ‘வுல்ஃப்ராம் அன்ட் ஹார்ட்’ என்னும் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். காட்டேரி கொல்லப்படக் கூடியது, நிறுவனம் அவ்வாறன்று.

2001 இல் ஒளிபரப்பாகிய ஓர் அங்கம் இதனை மேலும் விளக்குகின்றது. தீமையின் தலைமையகத்தை அழித்துவிட எண்ணிய ஏஞ்சல் மின்தூக்கியொன்றில் ஏறுகின்றான். முன்னரே இறந்துபோன அந்நிறுவன அதிகாரியொருவரே அவனுக்கு வழிகாட்டி. கீழே கீழே இறங்கிக் கதவு திறந்தபோது தெரிவது நரகமன்று. அவன் புறப்பட்ட அதே லொஸ் ஏஞ்சல்ஸ் வீதி. தீமைக்குத் தனியானதொரு கோட்டை இல்லை, நாளாந்த வாழ்வே அதன் இருப்பிடம் என்பது இதன் பொருள். நிறுவனத்தின் ஊழியர் இறந்த பின்னரும் வேலை செய்கின்றனர்; அவர்களது ஒப்பந்தம் மரணத்தோடு முடிவதில்லை. 2003 இல் வெளியான அங்கமொன்றில், இறந்த பெண் சட்டத்தரணி ஒருவரை விடுவிப்பதற்காக நண்பனொருவன் அவரது ஒப்பந்தப் பத்திரத்தை எரிக்கின்றான்; பத்திரம் மறுகணமே பழையபடி தோன்றுகின்றது. மார்க்ஸ் உவமையாகக் கூறியது இங்கே கதை நிகழ்ச்சியாகின்றது. இரத்தம் உறிஞ்சும் பற்கள் காட்டேரியின் வாயில் இல்லை, ஒப்பந்தத்தின் வாசகங்களிலே உள்ளன.

இறுதிப் பருவத்தில் அந்நிறுவனம் தன் எதிரிகளைக் கொல்லவில்லை. அவர்களுக்குப் பதவி வழங்குகின்றது. நகரக் கிளையின் தலைமை ஏஞ்சலுக்குக் கிடைக்கின்றது. உள்ளே நின்று நன்மை செய்யலாம் என அவனும் நண்பர்களும் கருதுகின்றனர். இவர்களுள் கன் என்னும் கறுப்பின இளைஞனின் கதை தனிக்கவனம் பெறத்தக்கது. வறிய குடியிருப்பொன்றில் தன் தோழர்களைத் திரட்டிக் காட்டேரிகளை எதிர்த்து நின்றவன் அவன். நிறுவனம் அவனது மூளையிலே சட்ட அறிவைப் பதித்து விடுகின்றது. அவ்வறிவு மங்கத் தொடங்கும்போது, அதனை நிலையாகப் பெறுவதற்கு அவன் கொடுக்கும் விலை ஒரேயொரு கையொப்பம். சுங்கத்தில் தடைப்பட்டிருக்கும் பொருளொன்றை விடுவிப்பதற்கான பத்திரம் அது. அவ்வாறு வந்துசேர்ந்த பழம்பெட்டியே அவனது தோழியான விஞ்ஞானி பிரெட்டின் உயிரைக் குடிக்கின்றது. அவன் தீயவனல்லன்; தான் பெற்ற அறிவை இழக்க அஞ்சியவன் மட்டுமே. நிறுவனங்களுள் இருந்துகொண்டு எழுதியும் கற்பித்தும் வாழும் நம்மனோர் இப்பகுதியைக் கடந்துசெல்வது எளிதன்று. நாம் இடும் கையொப்பங்களின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது நமக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

எனினும், தொடரின் எல்லைகளையும் கூறவேண்டும். அமைப்பின் இயல்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இப்படைப்பு, மக்கள் ஒன்றுகூடும் ஆற்றலை நம்ப மறுக்கின்றது. 2000 இல் ஒளிபரப்பாகிய ஓர் அங்கம் 1952 ஆம் ஆண்டின் ஹோட்டலொன்றிலே நிகழ்கின்றது. கம்யூனிஸ்ட் வேட்டையின் அச்சச் சூழலும், கலப்பினத்தவள் என அறியப்பட்டதால் வங்கி வேலையை இழந்த பெண்ணின் அவலமும் அதிலே நேர்மையாகப் பதிவாகியுள்ளன. ஆயின், அங்கு மக்கள் ஒன்றுதிரள்வது ஏஞ்சலைத் தூக்கிலிடுவதற்காகவே. கன்னின் பழைய தோழர்களும் பின்னர் கண்மூடித்தனமாகக் கொலை புரிபவர்களாகவே காட்டப்படுகின்றனர். தொடரிலே கூட்டம் எப்போதும் வெறிக்கூட்டமே. தொழிற்சங்கத்துக்கோ இயக்கத்துக்கோ அங்கே இடமில்லை. இது தற்செயலன்று, தனிமனித மீட்பைக் கருவாகக் கொண்ட கதைமரபும், தனிமனித நுகர்வோரை நோக்கிய வணிகச் சாதனமும் சேர்ந்து விதித்த எல்லையாகும்.

இறுதி அங்கத்தில் ஏஞ்சலும் கையொப்பமிடுகின்றான். என்றோ ஒருநாள் மனிதனாகலாம் என்று தீர்க்கதரிசனம் அவனுக்கு வாக்களித்திருந்த பேற்றைத் தன் குருதியாலேயே எழுதிக் கைவிடுகின்றான். அதன் பின்னர், அதிகார வட்டத்தினரைக் கொன்றுவிட்டு, மழை பொழியும் ஒடுங்கிய சந்தொன்றிலே எஞ்சிய மூவருடன் பெரும்படையொன்றை எதிர்கொள்கின்றான். போர் தொடங்கும் கணத்திலேயே தொடர் முடிகின்றது. வெகுமதியை எதிர்பாராத போராட்டம் என்னும் கருத்து இங்கு உயர்ந்து நிற்கின்றது; அதேவேளை, அச்சந்திற்கு வெளியே வாழும் இலட்சக்கணக்கானோர் அதனை அறியவே இல்லை. நிறுவனத்தை இனங்காணும் அளவுக்கு இக்கற்பனை வளர்ந்துள்ளது. அதனை மாற்றத்தக்க சக்தியை இனங்காணும் அளவுக்கு வளரவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துக்கூறுவதே விமர்சகரின் கடமையாகும்.