மணமகனைப் பற்றி மணமகளுக்கு என்ன தெரியும்?

தென் கொரியாவின் புசான் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இருபது வயது வியட்நாம் பெண் ஒருவர், 2010 ஜூலையில், வந்த எட்டாம் நாளே கணவர் கையால் கொல்லப்பட்டார். கணவருக்கு நெடுநாளாகக் கடும் மனநோய் இருந்தது. கல்யாணத்தை முடித்துவைத்த தரகு நிறுவனம் அதைப் பெண்ணிடம் சொல்லவே இல்லை. இந்தத் திருமணத் தரகு நடக்கும் விதத்திலேயே ஆபத்து இருக்கிறது. உள்ளூரில் பெண் கிடைக்காத ஆண், நிறுவனத்துக்குப் பெருந்தொகை கட்டி வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு விமானம் ஏறுகிறார். மீகாங் கழிமுகக் கிராமங்களிலிருந்து வந்த பெண்களை வரிசையாகப் பார்க்கிறார், மொழிபெயர்ப்பாளர் வழியே நாலு கேள்வி கேட்கிறார், ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். மருத்துவப் பரிசோதனை, கல்யாணம் எல்லாம் சில நாளில் முடிந்துவிடும். பணம் கட்டுபவர் ஆண் என்பதால், அவர் கேட்பதற்கேற்பப் பெண்ணைப் பற்றி விசாரிக்கப்படுகிறது. ஆணைப் பற்றி விசாரிக்க ஆளில்லை.

'அப்படியானால் இந்தத் தரகையே தடை செய்துவிடலாமே' என்பார்கள். பிலிப்பைன்ஸ் 1990-லேயே தடை செய்தது. 2016-இல் இணையத்தையும் சேர்த்துச் சட்டத்தைக் கடுமையாக்கியது. வியட்நாமிலும் லாப நோக்கிலான திருமணத் தரகுக்கு அனுமதியில்லை. ஆனால் வறுமையும் வாய்ப்பின்மையும் அப்படியே இருக்க, தொழில் மறைவிடத்துக்குப் போனது. ஏமாந்த பெண் புகார் கொடுக்கவே அஞ்சும் நிலை வந்தது. பலன் தரக்கூடியது வேறு வழி. புசான் கொலை நடந்த அதே ஆண்டில், தென் கொரியா தன் தரகுச் சட்டத்தைத் திருத்தி, மண வரலாறு, உடல்நலம், தொழில், குற்றப் பின்னணி ஆகியவற்றை இரு தரப்புக்கும் எழுத்தில் தரச் சொன்னது. அமெரிக்காவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆணின் குற்றப் பின்னணியைப் பெண்ணின் தாய்மொழியில் கொடுத்து, அவர் ஒப்புதல் தந்த பிறகே அவருடைய தொடர்பு விவரத்தை ஆணுக்குத் தரவேண்டும் என்கிறது.

இது ஆணின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகச் சிலர் குறைப்படுகிறார்கள். பெண்ணின் உடலையே பரிசோதித்துச் சான்று கேட்ட பிறகு, அந்த வாதம் நிற்காது. 'பணத்துக்காகப் போகிறவர்கள்தானே' என்ற ஏளனமும் நியாயமல்ல. பெற்றோருக்கு ஒரு வீடு கட்டித்தர நினைப்பது குற்றமில்லை. அந்த ஆசை இருப்பதால் பாதுகாப்புக்கான உரிமை பறிபோய்விடாது. காகிதத்தில் பொய் எழுதலாமே என்ற ஐயம் மட்டும் நியாயமானது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன் தரும் தகவலோடு வேலை முடிந்துவிடக் கூடாது. விசா நீட்டிப்புக்குக் கணவரின் தயவை நம்பியிருக்கும் பெண், அடி விழுந்தாலும் வாய் திறக்கமாட்டார். அவர் அந்த நாட்டில் தங்கும் உரிமை அவர் பெயரிலேயே இருக்கவேண்டும். அப்போதுதான், ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும் அவரால் அந்த வீட்டைவிட்டு வெளியேற முடியும்.