தலைக்கு 52 டன் கல்

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், நமீபியா எல்லைக்குப் பக்கத்தில், ஹாக்ஸ்கீன் பான் என்றொரு வறண்ட ஏரி இருக்கிறது. கலஹாரிப் பாலைவனத்தின் ஓரம். மழை பெய்தால் கொஞ்ச நாள் தண்ணீர் நிற்கும். வற்றியதும் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மணிக்கு ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை ஓட்டிக் காட்டுகிறோம் என்று 2008-ல் பிரிட்டனில் ஒரு குழு கிளம்பியது. காருக்குப் பெயர் பிளட்ஹவுண்ட். அதற்காக அவர்கள் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்த தரை இந்த ஏரிதான். மட்டமாக இருந்தது, நீளமாகவும் இருந்தது. ஆனால் பார்த்த இடமெல்லாம் கல்.

அந்தப் பகுதியில் வாழும் மியர் சமூகத்து மக்கள் 317 பேர், மாகாண அரசு கொடுத்த கூலிக்கு, அந்தக் கற்களைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். அவர்கள் சுத்தம் செய்த பரப்பு 2.2 கோடி சதுர மீட்டர். அகற்றிய கல் 16,500 டன். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 52 டன் வருகிறது. ஏரியின் குறுக்கே போன பழைய சாலையையும் பெயர்த்து எடுத்தார்கள்.

சாலை போடும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். வேக சாதனைகளைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். புதிதாகப் போட்ட தார் மேல் மூன்று மீட்டர் நீளச் சட்டத்தை வைத்து, அடியில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று மண்டியிட்டுப் பார்ப்போம். சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலே குறித்து வைப்போம். அந்தச் சாலையில் லாரி எண்பதில் போனால் அதிகம். 2019 நவம்பரில் ஹாக்ஸ்கீன் பானில் பிளட்ஹவுண்ட் எட்டிய வேகம் மணிக்கு 1,010 கிலோமீட்டர். ஒரு நொடிக்கு 280 மீட்டர். அந்த வேகத்தில் சக்கரத்தில் பட்டுத் தெறிக்கும் சின்னக் கல்லும் துப்பாக்கிக் குண்டுதான்.

பிளட்ஹவுண்டின் சக்கரத்தில் ரப்பர் கிடையாது. சுழலும் விசையிலேயே டயர் பிய்ந்து போய்விடும். ஆகவே முழு அலுமினியத்தில் 90 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்த சக்கரங்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும்படி செய்தவை. வண்டியைத் தள்ளுவது போர் விமானத்தின் ஜெட் எஞ்சின், சக்கரம் வெறுமனே உருள்கிறது. உருண்ட இடத்தில் ஏரியின் மேல்தோடு அப்பளம் போல நொறுங்கும். ஒருமுறை ஓடிய தடத்தில் மறுபடி ஓட முடியாது என்பதால் பக்கத்திலேயே புதுத் தடம் வேண்டும். அவ்வளவு அகலத்துக்குக் கல் பொறுக்க வேண்டியிருந்தது இதனால்தான். புல்டோசரை இறக்கியிருந்தால் அந்தத் தோடே போயிருக்கும்.

தரை கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வேக சாதனைக்காகக் கார் ஓட்டிய டொனால்டு காம்பெல் பட்ட பாடே சாட்சி. 1960-ல் அமெரிக்காவின் பொன்வில் உப்புப் பரப்பில் அவருடைய புளூபேர்டு கார் விபத்துக்குள்ளாகி, மண்டை ஓடு விரிசல் கண்டு பிழைத்தார். இதைவிட நீளமான இடம் வேண்டும் என்று 1963-ல் தென் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரிக்குப் போனார். பல ஆண்டுகளாக மழை காணாத உப்பு ஏரி அது. அவர் போன நேரம் பார்த்து மழை கொட்டி ஏரி நிரம்பியது. மறு ஆண்டு திரும்பி வந்தபோதும் உப்பு ஈரம் காயவில்லை. நான்கு டன் வண்டி, சக்கரம் புதைந்து உப்பைக் கிழித்துக்கொண்டு ஓடியது. விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. 1964 ஜூலை 17-ம் தேதி இரண்டு ஓட்டத்திலும் மணிக்கு 403.1 மைல், ஏறக்குறைய 649 கிலோமீட்டர். சாதனைதான். ஆனால் அந்தக் கார் அதைவிட மிக அதிக வேகத்துக்காகக் கட்டப்பட்டது. மீதி வேகத்தை ஈர உப்பு தின்றுவிட்டது என்றே சொல்வேன்.

இன்றைக்கும் நிற்கும் சாதனை 1997 அக்டோபர் 15-ம் தேதி, அமெரிக்காவின் நெவாடாவில், பிளாக் ராக் பாலைவனத்து வறண்ட ஏரியில் நடந்தது. திரஸ்ட் எஸ்.எஸ்.சி. என்ற காரில், பிரிட்டிஷ் விமானப் படை விமானி ஆண்டி கிரீன் மணிக்கு 1,228 கிலோமீட்டரைத் தொட்டு, ஒலியின் வேகத்தைத் தரையிலேயே தாண்டினார். பிளட்ஹவுண்டை ஓட்டியவரும் அவரே. பிளாக் ராக்கிலும் தன்னார்வலர்கள் வரிசையாக நடந்து, குனிந்து, கல்லோ உலோகத் துண்டோ கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கியிருக்கிறார்கள். அதைப் படம் பிடித்தவர்கள் குறைவு.

ஜெஸ்ஸி கோம்ப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஆரிகன் மாநிலத்தின் ஆல்வர்டு பாலைவனம், அதுவும் வறண்ட ஏரிதான். 1976-ல் காது கேளாத கிட்டி ஓ'நீல் மணிக்கு 825 கிலோமீட்டர் ஓட்டிப் பெண்களுக்கான சாதனை படைத்த இடம். 2019 ஆகஸ்ட் 27-ம் தேதி ஜெஸ்ஸி அங்கே 841 கிலோமீட்டரை எட்டினார். அன்றைய ஓட்டத்திலேயே முன்சக்கரம் உடைந்து உயிரிழந்தார். தரையில் கிடந்த ஏதோ ஒரு பொருளில் சக்கரம் மோதியிருக்கலாம் என்றது விசாரணை. கின்னஸ் அவருடைய சாதனையை 2020-ல், அவர் இறந்த பிறகு ஏற்றுக்கொண்டது. ஏதோ ஒரு பொருள். அதை யாராவது முன்னதாகக் கண்டு எடுத்திருக்கக் கூடாதா என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

பிளட்ஹவுண்ட் 2019-க்குப் பிறகு பணம் திரட்ட முடியாமல் நின்றுவிட்டது. அது ஓடாவிட்டாலும் வேறொரு வண்டி ஒருநாள் ஓடும். ஹாக்ஸ்கீன் பானில் ஆயிரம் மைல் எட்டப்பட்டால், சாதனைப் பதிவில் ஓட்டுநர் பெயருக்கு அடுத்த வரியிலேயே அந்த 317 பேரின் பெயர்களையும் எழுத வேண்டும்.