கம்பியின் மறுமுனை

1911ஆம் ஆண்டு ஏப்ரலில் தனி ஜில்லாவாக ஆக்கப்பட்டதும், 1953இல் ஆந்திர ராஜ்யம் உதயமானபோது அதனோடு சேர்ந்ததும், 1960இல் திருத்தணி வட்டாரத்தைச் சென்னை ராஜ்யத்துக்கு விட்டுக்கொடுத்ததுமான சித்தூர்ச் சீமையில், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் ஏராளமாக வசிக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிறார்கள். பட்டாவும் ரேஷன் அட்டையும் தெலுங்கில் வருகின்றன. ஆயினும் அந்தி சாய்ந்தபின் பல வீட்டுக் கூடங்களில் ஒலிப்பது தமிழ்த் தொடர்தான். 1993 ஏப்ரலில் சன் டிவி தோன்றியது முதல் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. அக்காலத்தில் தெருமுனை கேபிள்காரர் மாடியில் பெரிய குடைகளை நிறுத்தி, தெலுங்கும் தமிழுமாகத் தமக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே கம்பியில் அனுப்பிவிட்டு, மாதாமாதம் ஒரே தொகையை வசூலித்துக்கொண்டு போவார். படம் கொஞ்சம் புள்ளியடிக்கும். கணக்கு வழக்கில் மட்டும் குழப்பம் இராது.

இந்தச் சௌகரியம் இரண்டு தவணையில் மறைந்தது. முதலாவதாக, கேபிள் ஒளிபரப்பை டிஜிட்டலாக்கும் திட்டத்தின் நான்காம் கட்டம் 2017 மார்ச்சோடு முடிந்து, செட்டாப் பெட்டி இல்லாத வீட்டில் படமே தெரியாது என்ற நிலை வந்தது. இரண்டாவதாக, 2019 பிப்ரவரி முதல் தேதி டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை அமலுக்கு வந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்பது அதன் தத்துவம். நூறு சேனல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியாக 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசைக் கட்டிய பிறகுதான் கட்டணச் சேனல்களின் விலையே ஆரம்பமாகும். சன் டிவிக்கு அன்று மாதம் 19 ரூபாய். அதன் தெலுங்குச் சகோதரியான ஜெமினி டிவிக்கும் 19 ரூபாய். ஒளிபரப்பாளர்கள் தங்கள் சேனல்களை மொழிவாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருந்தபடியால், ஆந்திரத்தில் வீட்டுக்கு வந்த கட்டு இயல்பாகவே தெலுங்குக் கட்டாக இருந்தது. தமிழ் வேண்டுமானால் அதனைத் தனியே கேட்டு, தனியே பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமியார் தமிழ்த் தொடரும் பேரன் தெலுங்குச் சினிமாவும் பார்க்கின்ற ஒரு சாதாரண நகரி வீட்டுக்கு இரண்டு கட்டுகளும் அத்தியாவசியம். சட்டம் வகுத்தவர்கள் ஒரு வீட்டுக்கு ஒரு மொழி என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! 2020இல் அதே 130 ரூபாய்க்கு இருநூறு சேனல் என்று ஆணையம் தாராளம் காட்டியது. 2024இல் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டு, கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே ஒப்படைத்துவிட்டது.

மாதக் கடைசியில் வசூலுக்கு வந்து நிற்கும் பையனோடு வாசற்படியில் நடக்கிற சம்பாஷணை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“போன மாசத்துக்கு இந்த மாசம் முப்பது ரூபா கூட கேக்கறியேப்பா?”

“நான் என்னக்கா பண்றது, மேல ஏத்திட்டாங்க.”

“அந்த மேலன்றது யாரு?”

பையன் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்கும் அது சரிவரத் தெரியாது என்பதே உண்மை. சேனலை நடத்துகிற ஒளிபரப்பாளர் ஒருவர். பல சேனல்களைத் திரட்டி ஊர் ஊராக விநியோகிக்கும் எம்.எஸ்.ஓ. என்ற பெரிய நிறுவனம் ஒன்று; அதனிடம் வாங்கித் தெருவில் கம்பி இழுக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர். இம்மூவரில் சந்தாதாரருக்கு முகம் தெரிந்தவர் கடைசி மனிதர் மட்டுமே. அவரிடமோ விலையைக் குறைக்கவும் அதிகாரமில்லை, நின்றுபோன சேனலைத் திரும்பக் கொண்டுவரவும் அதிகாரமில்லை. 2023 பிப்ரவரியில் விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் பெரிய ஒளிபரப்பாளர்கள் சிலர் நாடெங்கும் பல கேபிள் நிறுவனங்களுக்குச் சில நாட்கள் சிக்னலையே நிறுத்திவிட்டபோது, அச்சண்டையில் எந்தச் சம்பந்தமும் இல்லாத தெருக் கேபிள்காரர்தான் வீடு வீடாக வசவு வாங்கினார். அதிகாரம் உள்ளவருக்கு முகமில்லை, முகம் உள்ளவருக்கு அதிகாரமில்லை என்ற இந்த ஏற்பாடுதான், என் அபிப்பிராயத்தில், விலையேற்றத்தையும் பழுதையும்விட ஜனங்களுக்கு அதிகமாக எரிச்சலூட்டுகிறது.

கேபிளே வேண்டாம் என்று மொட்டை மாடியில் டிஷ் வைத்தவர்களுக்கு வருண பகவானே பிரதிவாதி. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கு-பாண்டு அலைகளின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் என்பதால், கனத்த மழைத்துளிகள் அவற்றை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் தோன்றும்போதெல்லாம் ‘நோ சிக்னல்’ என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்கும். புயல் எங்கே இருக்கிறது என்ற செய்தியைப் பார்க்க வேண்டிய தருணத்தில்தான் அது வரும். ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிக்கோட்டா இன்று திருப்பதி மாவட்டத்துக்குள் இருக்கிறது. வளிமண்டலத்தையும் மழையையும் ரேடார் வைத்து ஆராயும் தேசிய ஆய்வுக்கூடம் திருப்பதிக்கு அருகே காதங்கியில் இருக்கிறது. இருந்தும் என்ன? பௌதிக விதியை எந்தக் கஸ்டமர் கேரும் மாற்ற முடியாது. ஆனால் டிஷ் சற்றே திரும்பியிருந்தாலும், கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் தூறலுக்கே படம் போய்விடும். அதைச் சரிசெய்ய வருகிறவர் விசிட்டுக்குக் கட்டணம் கேட்பதுதான் தகராறு.

இணையத்தின் கதை வேறு. 2017 டிசம்பர் 27ஆம் தேதி வெலகபூடியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, மாதம் 149 ரூபாய்க்கு இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் ஒரே இழையில் என்ற வாக்குறுதி கிராமங்களில் பெரிய ஆச்சரியத்தை உண்டாக்கியது. அந்தக் கட்டணம் நிலைக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக மண்ணைத் தோண்டாமல் மின்கம்பங்களின் மேலேயே இழையைக் கட்டிக்கொண்டு போனார்கள். தனியார் நிறுவனங்களும் பெரும்பாலும் அதே வழியைப் பின்பற்றின. ஆகவே கம்பம் சாய்ந்தாலும், மரக்கிளை முறிந்தாலும், குரங்கு தொங்கினாலும், உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று சந்தில் நுழைந்தாலும் தெரு முழுவதும் நெட் போய்விடுகிறது. வீட்டுச் சுவரில் உள்ள பெட்டியில் ‘லாஸ்’ என்ற எழுத்துக்கு மேல் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. தொலைபேசியில் குரல் கொடுப்பவர்கள் மட்டும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு பிற்பகல், அறுந்த இழையை ஒட்டுகிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பைக்கின் இருக்கையே மேஜை. இளைஞர் மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தோய்த்த காகிதத்தால் துடைத்து, சிறு கத்தி இயந்திரத்தில் முனையை நேராக வெட்டினார். கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான். ஒளி செல்லும் நடுப்பாகமோ ஒன்பது மைக்ரான்தான். இரு முனைகளையும் இயந்திரத்தில் வைத்து மூடியதும் சிறு திரையில் அவை ஒன்றையொன்று நெருங்கி, ஒரு மின்பொறியில் உருகி ஒன்றாயின. எல்லாம் சில நிமிஷ வேலை. “வேலை இவ்ளோதான் சார், எங்க அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆவுது” என்றார். அந்த ஒரு மிஷினோடு எத்தனை பேட்டைகளைச் சுற்றுகிறார் என்பதைக் கேட்டபின் அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

முறையீட்டுக்குச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. இணையச் சேவைக்குப் புகார் சொன்னவுடன் அவர்கள் தரும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது மூன்று நாளில் நீங்க வேண்டும் என்பது டிராயின் 2012ஆம் ஆண்டு விதி. நீங்காவிட்டால் முப்பது நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் 39 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டிராய் தானே தனிநபர் வழக்குகளை விசாரிப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

நுகர்வோர் மன்றத்துக்கே போகலாமா என்பதில்தான் வெகுகாலம் குழப்பம் நீடித்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் தகராறுகளை மத்தியஸ்தருக்கு அனுப்பச் சொல்லும் பிரிவு ஒன்று இருந்ததைக் காட்டி, தொலைபேசி வழக்குகள் நுகர்வோர் மன்றத்தில் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறிவிட்டது. பின்னர், மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த அகமதாபாத் சந்தாதாரர் ஒருவருக்கு 24,609 ரூபாய் பில் வந்த வழக்கில், 2022 பிப்ரவரி 16ஆம் தேதி அதே நீதிமன்றம், மத்தியஸ்தப் பிரிவு இருப்பதனால் நுகர்வோரின் உரிமை அற்றுப்போகாது என்று தெளிவாக்கியது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை.

கஷ்டம் சாட்சியத்தில் இருக்கிறது. கேபிள் பையன் ரசீது கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. ஃபோன்பேயில் பணம் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பதிவே ரசீதாகிவிடுகிறது என்பது காலம் செய்த ஓர் உபகாரம். மனு எழுதும்போது உள்ளூர்க்காரர் பெயரை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாகாது. செட்டாப் பெட்டியின் மேலோ பில்லிலோ அச்சிட்டிருக்கும் நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் நோட்டீஸ் அதன் பதிவு அலுவலகத்துக்கே போகும். நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம்.