குணமும் வினையாகும்

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைவழியில் வெள்ளகவி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊருக்குள் செருப்பணிந்து நடத்தல் அங்கு வழக்கமன்று. அவ்வூரைக் கண்டு மீளும் ஒருவர், "மலை பெரிது, வழி அரிது, மக்கள் நல்லர்" எனக் கூறுவதாகக் கொள்வோம். இம்மூன்று தொடர்களும் பொருள் நிரம்பியவை. ஆயினும், ஏறினார், நடந்தார் என்பன போன்ற வினை ஒன்றேனும் இவற்றுள் இல்லை. பின்னர்த் தொடர்கள் முற்றுப்பெற்றது எங்ஙனம்?

ஆங்கிலத்தில் 'குட்' என்னும் பண்புச்சொல் தனியே நின்று தொடரை முடிப்பதில்லை. 'ஈஸ்', 'ஆர்' போன்ற வினையின் துணையை வேண்டி நிற்கும். 'ஒர்த்' போன்ற மிகச் சிலவே, வினையைப் போலத் தமக்குப் பின் ஒரு பெயரை நேரே ஏற்கும். அவையும் துணைவினையை விட்டொழிவதில்லை.

தமிழிலோ பண்புச்சொல் விகுதி பெற்றுத் தானே வினையாகிறது. நடந்தேன், நடந்தாய், நடந்தார் என வினை மாறுவது போல, நல்லேன், நல்லை, நல்லன், நல்லள், நல்லர், நன்று, நல்லன என இதுவும் திணை, பால், எண், இடங்களுக்கு ஏற்ப மாறும். வேறுபாடு ஒன்று உண்டு. 'நடந்தார்' என்பதில் இடைநிலை இறந்த காலத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. 'நல்லர்' என்பதில் காலம் காட்டும் உறுப்பு இல்லை. "முன்னாளில் அவர் நல்லர்; இன்றும் நல்லர்" என்புழிக் காலம் குறிப்பால் உணரப்படுகிறது. ஆதலின் இதனைக் குறிப்பு வினைமுற்று என்பர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறும் இவ்வினைக்கு அடியாகும் என்றார். மலையில் வாழ்வோர் மலையினர். இஃது இடம்பற்றி வந்தது. செருப்பின்றி நடப்போர் வெறுங்காலினர். இது சினைபற்றி வந்தது.

இவ்விலக்கணத்தை மறந்தமையால் இக்காலத்தில் ஒரு பிழை பரவியுள்ளது. 'அல்ல' என்பதும் குறிப்பு வினையே. அது பலவின்பாலுக்கு மட்டும் உரியது. நான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்பனவே முறை. "அது அல்ல" என்று எழுதுதல், "அது நடந்தன" என்று எழுதுவதனை ஒக்கும். பின்னதைப் பிழையென உடனே உணரும் மாணவர், முன்னதையும் அவ்வாறே உணர்ந்து விலக்குதல் வேண்டும்.