ஆல்சைமர் நோய்க்கான எலி மாதிரிகள்

ஆல்சைமர் நோய்க்கான எலி மாதிரிகள் என்பவை, மனிதரைத் தாக்கும் ஆல்சைமர் நோயின் மூளை மாற்றங்களுள் சிலவற்றை வெளிப்படுத்துமாறு மரபணு மாற்றி உருவாக்கப்பட்ட சுண்டெலிகளும் எலிகளும் ஆகும். நோய் உருவாகும் விதத்தை ஆராயவும், மருந்துகளை மனிதருக்கு அளிக்கும் முன் சோதிக்கவும் இவை பயன்படுகின்றன.

உருவாக்கம்

சுண்டெலிகளுக்கு இந்நோய் இயல்பாக வருவதில்லை. நோயாளியின் மூளையில் அமிலாய்டு-பீட்டா என்னும் புரதத் துணுக்கு நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளாகத் திரள்கிறது. சுண்டெலியின் துணுக்கோ மனிதருடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுவதால் எளிதில் திரள்வதில்லை. எனவே, இந்நோய் நடுவயதிலேயே பரம்பரையாக வரும் குடும்பங்களில் கண்டறியப்பட்ட பிறழ்வுற்ற மனித மரபணு, சுண்டெலியின் கருவில் புகுத்தப்படுகிறது. 1995-இல் அறிவிக்கப்பட்ட பிடிஏபிபி, 1996-இல் அறிவிக்கப்பட்ட டிஜி2576 ஆகியன இவ்வகையில் முன்னோடிகள். 2006-இல் வெளிவந்த 5எக்ஸ்எஃப்ஏடி சுண்டெலியில் ஐந்து பிறழ்வுகள் உள்ளன. இரண்டு மாத வயதிலேயே படிவுகள் தோன்றத் தொடங்குகின்றன.

நினைவாற்றலை அளத்தல்

சுண்டெலியிடம் கேள்வி கேட்க இயலாது. ஆகவே ரிச்சர்டு மாரிசு 1981-இல் அறிமுகப்படுத்திய நீர்ப்புதிர்ச் சோதனை பெரிதும் கையாளப்படுகிறது. கலங்கிய நீர் நிரம்பிய வட்டத் தொட்டியில், நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். நலமான விலங்கு சில நாட்களில், அறையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு நேராக மேடைக்கு நீந்தக் கற்றுக்கொள்ளும். நினைவு குன்றியது ஒவ்வொரு முறையும் தேடி அலையும்.

குறைகள்

இம்மாதிரிகள் பலவற்றில் படிவுகள் இருந்தும், நரம்பணுக்களுக்குள் டௌ புரதம் முறுக்கிக்கொள்ளும் சிக்கல்கள் இல்லை. பெருமளவு நரம்பணு இழப்பும் இல்லை. அதாவது இவை நோயின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றன. 2003-இல் உருவாக்கப்பட்ட மும்மரபணுச் சுண்டெலியில் டௌ பிறழ்வும் சேர்க்கப்பட்டது. ஆனால் அப்பிறழ்வு மனிதரில் உண்டாக்குவது வேறொரு மறதிநோயை.

இந்த இடைவெளியின் விளைவைத் தடுப்பூசி ஆய்வொன்று காட்டியது. 1999-இல் டேல் செங்க் குழுவினர் அமிலாய்டு-பீட்டாவையே ஊசியாகச் செலுத்தி, பிடிஏபிபி சுண்டெலிகளில் படிவுகள் உருவாவதைத் தடுத்தனர். மனிதரில் நடந்த சோதனையோ 2002-இல் நிறுத்தப்பட்டது. ஊசி பெற்ற சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளை அழற்சி ஏற்பட்டது. சுண்டெலிகளில் இது காணப்படவில்லை. பின்னர் இறந்த சிலரின் மூளையில் படிவுகள் பெரும்பாலும் நீங்கியிருந்தன. ஆயினும் அவர்கள் கடும் மறதிநோயுடனேயே இறந்திருந்தனர். படிவுகளை அகற்றும் லெக்கனமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து 2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அதுவும் சரிவின் வேகத்தைக் குறைக்கிறதேயன்றி இழந்த நினைவை மீட்பதில்லை.

சப்பானின் ரிகென் நிறுவனத்தில் தகாவோமி சைடோ குழுவினர் 2014-இல், வேற்று மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தாமல், சுண்டெலியின் சொந்த மரபணுவிலேயே மாற்றம் செய்தனர். இதனால் மூலப் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாவது தவிர்க்கப்பட்டது. எனினும் இச்சுண்டெலிகளிலும் டௌ சிக்கல்கள் தோன்றுவதில்லை.